மாற்றுத்திறன் குழந்தைகளைப் பராமரிக்கும் ஊழியத்துக்கு வெளிநாடு போகலாமா? அங்கே ஒரு நாள் எப்படிக் கழியும்?

பதிவு 1: கோடநாடு_பிசியோ

எல்லோருக்கும் வணக்கம். இந்தக் குழுமத்தில் இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், எழுதுவது இதுதான் முதல் முறை.

பிசியோதெரபி முடித்து இரண்டு வருடம் ஆகிறது. வேலை கோயம்புத்தூரில், வீடு கோத்தகிரி தாண்டி. போன மாதம் எங்கள் சபையில் மிஷனரி ஞாயிறு. வெளிநாட்டில் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான இல்லம் ஒன்றில் ஊழியம் செய்பவர் வந்து, படம் போட்டுக் காட்டிப் பேசினார். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. பள்ளிக்கூட நாட்களிலிருந்தே மனதில் இருந்த பாரம், இப்படி ஊழியத்துக்குப் போக வேண்டும் என்ற உந்துதல், திரும்ப எழுந்துவிட்டது.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. காட்டிய படங்களில் எல்லாக் குழந்தைகளும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். நான் தினமும் மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளோடு வேலை செய்கிறவள். கையைக் காலை நீட்டி மடக்கும்போது அழுவார்கள், எச்சில் வடியும், சில நாள் என்னைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். படத்தில் வராத அந்த நேரமெல்லாம் அங்கே எப்படி இருக்கும்? காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கும் வரை என்னதான் வேலை?

அப்பா, "இங்கே குழந்தைகளே இல்லையா, கடல் தாண்டித்தான் போகணுமா?" என்று கேட்கிறார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

பதிவு 2: குன்னூர்_மாஸ்டர்

அம்மா, கேட்க வேண்டியதைத்தான் கேட்டிருக்கிறீர்கள். நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். போய் வந்தவன் இல்லை. ஆனால் நம் நீலகிரி மலைக்கு வந்த மிஷனரிகளைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். கேத்தியில் சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷன்காரர்கள் வேலையைத் தொடங்கியது 1846-இல். எங்கிருந்தோ வந்து ஹட்டி ஹட்டியாக (ஹட்டி என்றால் படகர் ஊர்) நடந்து, படகர்களின் பேச்சைக் காதால் கேட்டுக் கேட்டுக் கற்றார்கள். நம் ஆட்களும் சும்மா இருக்கவில்லை. திருநெல்வேலியில் 1903-இல் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோது நம் மக்களே காசு போட்டு, தெலுங்கு பேசும் தோர்ணக்கலுக்கு ஆள் அனுப்பினார்கள். ஆகவே போவது நமக்குப் புதிது இல்லை.

வேலூர் சி.எம்.சி மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையார் கதையை எல்லா மிஷனரி ஞாயிறிலும் சொல்வார்கள். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவிக்கு உதவி கேட்டார்கள். மருத்துவரான அவருடைய அப்பா ஆண் என்பதால் வேண்டாம் என்று திரும்பிப் போனார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். கதையை இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, "யார் போவீர்கள்?" என்று கேட்பார்கள். அதற்குப் பிறகு அவர் அமெரிக்கா திரும்பி, மருத்துவம் படித்து, 1900-இல்தான் வேலூரில் வேலையைத் தொடங்கினார். பாரம் வந்த அந்த இரவுக்கும் வேலூருக்கும் நடுவே வருடக்கணக்கில் படிப்பு இருக்கிறது. அதை நான் வகுப்பில் எப்போதும் அழுத்திச் சொல்வேன். அம்மையார் 1960-இல் கண்மூடியது கொடைக்கானலில்.

உங்களுக்கு ஏற்கெனவே கைத்தொழில் இருக்கிறது. பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. மீதியை அனுபவப்பட்டவர்கள் சொல்லட்டும்.

பதிவு 3: கூக்கால்_விவசாயி

//கடல் தாண்டித்தான் போகணுமா?//

உங்கள் அப்பா கேட்டதைத்தான் நானும் கேட்கிறேன். கோபப்படாதீர்கள், மனதில் பட்டதைச் சொல்கிறேன். நான் பழனிமலையில் மேல்மலைக்காரன். பூண்டு, கேரட் விவசாயம். எங்கள் பக்கத்தில் உள்ளறையில் படுத்தே கிடக்கும் பிள்ளைகள் எனக்குத் தெரிந்தே சிலர் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரி என்றால் கொடைக்கானல் வரை வண்டி பிடிக்க வேண்டும். ரோடே இல்லாத வெள்ளகவி மாதிரி ஊரில் இன்றும் டோலி கட்டித்தான் நோயாளியைத் தூக்கி வருகிறார்கள். பிசியோதெரபி படித்த ஒருவர் மாதம் ஒரு முறை எங்கள் ஊருக்கு வந்தால் காலில் விழாத குறையாக வரவேற்போம்.

வெளிநாட்டுக் குழந்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நம் மலைகளில் பிறந்து படித்தவர்களும் போய்விட்டால் இங்கே யார்?

பதிவு 4: லைன்வீட்டுப்_பிள்ளை

தங்கச்சி, உள்ளபடி சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

நான் கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் லைன் வீட்டில் (தொழிலாளர்களின் வரிசை வீடு) வளர்ந்தவள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கையில் கண்டிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். நர்சிங் படித்தேன். உகாண்டாவின் தென்மேற்கு மூலையில் கபாலே என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இல்லத்தில் பதினோரு வருடமாக இருக்கிறேன். இப்போது விடுமுறையில் வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

கபாலேயைப் பார்த்தால் கேத்திப் பள்ளத்தாக்கு என்றே நினைப்பீர்கள். சுமார் 2,000 மீட்டர் உயரம். சரிவு முழுக்கப் படிப்படியாக வெட்டிய நிலம், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், சோளம். மேட்டில் கற்பூர மரம் (யூகலிப்டஸ்). விடியற்காலையில் பனிமூட்டம். போன முதல் வாரம் ஜன்னலைத் திறந்தபோது, அதே மண் வாசனை, அதே குளிர். அழுதுவிட்டேன்.

எங்கள் இல்லத்தில் ஒன்பது குழந்தைகள். நான் ஐந்து மணிக்கு எழுந்ததும் முதலில் பார்ப்பது இரவு நோட்டு. இரவு வேலை பார்க்கும் அம்மா (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களை அம்மா என்றுதான் சொல்வோம்) எழுதி வைத்திருப்பார்: யாருக்கு எத்தனை மணிக்கு வலிப்பு வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, யாரை எந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைத்தார், யார் மூத்திரம் போகவில்லை. தானாகப் புரள முடியாத பிள்ளைகளை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வந்துவிடும். அந்த நோட்டை நான் வேதப் புத்தகத்தோடு வைத்துப் படிக்கிறேன். அன்றைய ஜெபம் அதிலிருந்துதான் வருகிறது.

அப்புறம் துணி. மார்ச் முதல் மே வரையும், செப்டம்பர் முதல் நவம்பர் வரையும் அங்கே மழை. ஒன்பது குழந்தைகளின் ஈரத்துணி, விரிப்பு, எதுவும் காயாது. கரி அடுப்பைச் சுற்றிக் கயிறு கட்டி, ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக் காய வைப்போம். ஐப்பசி மாதத்தில் நம் லைன் வீட்டில் அம்மா அடுப்புக்கு மேலே துணி போடுவாரே, அதேதான். தண்ணீர் மஞ்சள் ஜெரிகேனில் வரும். உகாண்டாவில் எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த மஞ்சள் கேன் இருக்கும். குழாயில் வராத நாளில் பத்துக் கேன் தூக்கினால்தான் காலை வேலை முடியும்.

ஆறு மணிக்கு அம்மாக்களோடு ஒரு பாட்டு, சின்ன ஜெபம். மிஷனரி என்றால் எல்லோரும் பிரசங்கத்தை நினைக்கிறார்கள். என் நாளில் அவ்வளவுதான் பிரசங்கம்.

ஆறரையிலிருந்து ஒன்பது வரை சாப்பாடு. தங்கச்சி, இதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒரு பையன் இருக்கிறான், எட்டு வயது, எடை நாலு வயதுப் பிள்ளை அளவு. பெயர் எழுதவில்லை. அவனை நிமிர்த்தி உட்கார வைத்து, தலையை என் இடது கையால் தாங்கி, தாடை லேசாகக் கீழே இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். அங்கே சோளத்திலோ கேழ்வரகிலோ புஷெரா என்று ஒரு கஞ்சி காய்ச்சுவார்கள், நம் கூழ் மாதிரியே. அதைக் கெட்டியாக வைத்துக்கொண்டு அரைக் கரண்டி எடுப்பேன். கரண்டியை நாக்கின் நடுவில் வைத்து லேசாக அழுத்தினால் நாக்கு உள்ளே இழுத்துக்கொள்ளும். உதடு மூடுவதற்குக் காத்திருக்க வேண்டும். தொண்டையில் அந்தச் சின்ன எலும்பு மேலே ஏறி இறங்கும். இறங்கிய பிறகும் இன்னும் ஒரு மூச்சு பொறுக்க வேண்டும், ஏனென்றால் அவனுக்குச் சில நேரம் ஒரு வாய்க் கஞ்சிக்கு இரண்டு தடவை விழுங்க வேண்டியிருக்கும். அதற்குப் பிறகுதான் அடுத்த அரைக் கரண்டி. ஒரு கிண்ணம் முடிய முக்கால் மணி நேரம் ஆகும். அந்த முக்கால் மணி நேரமும் வேறு எதையும் செய்ய முடியாது, பேசக்கூட முடியாது. பக்கத்தில் யாராவது கதவை அடித்துச் சாத்தினால் அவன் உடம்பு முழுக்கத் திடுக்கிட்டு விறைத்துக்கொள்ளும், திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பத்து மணியிலிருந்து நீங்கள் செய்யும் வேலை: கை கால் நீட்டுவது, நிற்க வைப்பது, நாற்காலி சரிசெய்வது. மதியத்துக்கு மேல் வீடு வீடாகப் போவேன். போடா போடா என்று வாடகை மோட்டார் சைக்கிள். பெரும்பாலும் நம் ஊர் பஜாஜ் பாக்சர் வண்டிதான். அது ஏறாத சரிவில் நடை.

அந்த ஊரில் மிஷன் வேலை பழையது. 1921-இல் ஷார்ப் என்ற ஆங்கிலேய மருத்துவர் கபாலே வந்தார். 1931-இல் பக்கத்தில் உள்ள புன்யோனி ஏரியில், ஆளில்லாத ப்வாமா தீவில் தொழுநோயாளிகளுக்கான மருத்துவமனை தொடங்கினார். அதனால் வெளியாட்கள் வந்து பராமரிப்பதை அந்த மக்கள் பல தலைமுறையாகப் பார்த்தவர்கள். எங்களை அவர்களுக்கு நன்றாக எடைபோடத் தெரியும். யார் தங்குவார்கள், யார் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பது முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும்.

இரண்டு வாரத்துக்கு வந்து, குழந்தைகளைத் தூக்கிக் கொஞ்சி, அழுதுகொண்டே விமானம் ஏறும் குழுக்களை நான் இப்போது ஏற்பதில்லை. அவர்கள் போன பிறகு, பேச முடியாத பிள்ளைகள் வாசலையே பார்த்துக்கொண்டு சாப்பிட மறுக்கும் மூன்று நாட்களை அவர்கள் பார்ப்பதில்லை.

சாயங்காலம் திரும்ப ஒரு சுற்றுச் சாப்பாடு, மாத்திரை, குளியல். அப்புறம் கணக்கு: கரிக்கு எவ்வளவு, சோப்புக்கு எவ்வளவு, யாருடைய மருந்து எத்தனை நாளுக்கு வரும். ஒன்பது மணிக்குப் படுப்பேன்.

தமிழ் கேட்காத வீடு. சில இரவு, யாரும் இல்லாதபோது, சத்தமாகத் தமிழில் ஜெபம் செய்வேன், என் குரலையாவது கேட்கலாமே என்று.

பதிவு 5: கோடநாடு_பிசியோ

அக்கா, இரண்டு தடவை படித்துவிட்டேன். அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன், துணி காய வைக்கும் இடம் வந்ததும் அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

இரண்டு கேள்வி. மொழி எப்படி? அப்புறம், கேட்கலாமா தெரியவில்லை, உங்களால் தவறு நேர்ந்ததுண்டா? நான் மருத்துவமனையில் இருக்கும்போது கூடவே பெரியவர்கள் இருக்கிறார்கள். அங்கே தனியாக இருந்து தவறு செய்துவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் எனக்குப் பெரிய பயம்.

பதிவு 6: லைன்வீட்டுப்_பிள்ளை

மொழி ருகிகா. "அகாண்டி" என்றால் எப்படி இருக்கிறீர்கள். "நிமருங்கி" என்றால் நன்றாக இருக்கிறேன். இந்த இரண்டும் தெரிந்தால் வீட்டுக்குள் விடுவார்கள், ஆனால் ஒரு தாய் தன் பிள்ளையைப் பற்றி மனம் திறந்து பேசுவதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. அதுவரை எல்லாவற்றையும் மொழிபெயர்ப்பவர் வழியாகக் கேட்டேன். அந்த இரண்டு வருடத்தில் எடுத்த முடிவுகளில் பாதியை இன்று எடுக்க மாட்டேன்.

தவறு நேர்ந்தது. சில வருடம் முன்னால். ஆதரவாளர்கள் பார்க்க வருகிறார்கள், பத்து மணிக்குள் எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று எனக்கு அவசரம். நான் மேலே சொன்ன அந்தப் பையனுக்கு அன்று ஊட்டியது நான். கஞ்சியைக் கொஞ்சம் தண்ணீராக்கினேன், சீக்கிரம் இறங்கும் என்று. முக்கால் மணி நேர வேலையைக் கால் மணி நேரத்தில் முடித்தேன். இரண்டு தடவை இருமினான், முதுகைத் தடவிவிட்டு மேலே ஊட்டினேன். மூன்றாம் நாள் காய்ச்சல், மூச்சு வாங்கல். கஞ்சி நுரையீரலுக்குள் போய் நிமோனியா. பதினெட்டு நாள் மருத்துவமனையில் அவன் பக்கத்தில் தரையில் படுத்திருந்தேன். பிழைத்தான். அவனுக்கு என்மேல் கோபம் இருந்ததா என்று அவனால் சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்த முதல் நாள், என் கையிலிருந்து கரண்டியை வாங்க மறுத்து வாயை இறுக்கி மூடிக்கொண்டான். நான்கு நாள் வேறு அம்மா ஊட்டினார். ஐந்தாம் நாள் வாயைத் திறந்தான்.

அதற்குப் பிறகு, சாப்பாட்டு நேரத்தில் யார் வந்தாலும், பிஷப் வந்தாலும், வெளியே பெஞ்சில் காத்திருக்கட்டும் என்பது எங்கள் இல்லத்தின் சட்டம்.

தனியாக இருந்து தவறு செய்வதைப் பற்றிக் கேட்டீர்கள். தனியாக இருக்க ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்களை அனுப்பும் அமைப்பிடம் முதலில் கேட்க வேண்டியது, எனக்கு மேலே யார், நான் தவறு செய்தால் யாரிடம் சொல்வது என்பதைத்தான். சம்பளத்தை அப்புறம் கேட்கலாம்.

பதிவு 7: பண்ணைக்காடு_அம்மா

வணக்கம். என் அண்ணன் மகள் இந்த இழையை அனுப்பினாள். நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதிக் கொடுக்கிறாள்.

எனக்கு பதினோரு வயதில் ஒரு பையன். பிறந்ததும் அழவில்லை. உட்கார மாட்டான், பேச மாட்டான், வலிப்பு உண்டு. நானும் வீட்டுக்காரரும் காப்பித் தோட்டத்தில் கூலி. மாறி மாறி ஒருவர் வீட்டில் இருப்போம்.

அந்த அக்கா எழுதியதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு உடம்பு நடுங்கிவிட்டது. நான் இத்தனை வருடமும் அவனைப் படுக்க வைத்துத்தான் ஊட்டுகிறேன். மடியில் மல்லாக்கப் போட்டு. மழைக்காலம் வந்தால் நெஞ்சுச் சளி, காய்ச்சல். குளிர் ஊர் என்பதால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லவில்லையே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாங்கள் சபைக்குப் போகிறவர்கள்தான். அவனுக்காகக் கை வைத்து ஜெபிக்க நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். ஒருவர், வீட்டில் ஏதோ மறைந்த பாவம் இருக்கிறது, அறிக்கை செய்தால் எழுந்து நடப்பான் என்றார். இன்னொருவர் மாத்திரையை நிறுத்து, விசுவாசம் வை என்றார். நிறுத்தினேன். இரண்டாம் நாள் வலிப்பு நிற்கவே இல்லை, வத்தலக்குண்டுக்கு எடுத்துக்கொண்டு ஓடினோம். அதற்குப் பிறகு நான் யாரையும் வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை. கோவிலில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து வந்துவிடுவேன்.

பதிவு 8: லைன்வீட்டுப்_பிள்ளை

அக்கா, முதலில் ஒன்று. நீங்கள் எந்தப் பாவமும் செய்யவில்லை. பிறந்ததும் அழாத குழந்தைக்கு மூளைக்கு ஆக்சிஜன் போகாமல் இப்படி ஆகலாம். உங்கள் வீட்டில் வந்து அப்படிப் பேசியவர்களுக்காக, ஊழியம் செய்கிறவள் என்ற முறையில், நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். பிறவிக் குருடனைக் காட்டி இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, இவனும் இல்லை, இவனைப் பெற்றவர்களும் இல்லை என்று இயேசுவே சொல்லிவிட்டார். கபாலேயிலும் இதே பேச்சுத்தான், சாபம் என்பார்கள். அங்கே ஒரு தாய் பிள்ளையை ஆறு வருடம் வெளியே கொண்டுவரவே இல்லை.

மாத்திரையை யார் சொன்னாலும் திடீரென்று நிறுத்தாதீர்கள். மருத்துவர் மட்டும்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். வலிப்பு வரும்போது ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கழுத்தில் இறுக்கம் இருந்தால் தளர்த்துங்கள். வாய்க்குள் கரண்டியோ விரலோ வைக்க வேண்டாம், கையில் இரும்போ சாவியோ கொடுப்பதால் பயன் இல்லை. கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரி.

இனி சாப்பாடு. இன்றிலிருந்தே நிமிர்த்தி உட்கார வையுங்கள். நீங்கள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அவனை உங்கள் மடியில் நேராக உட்கார வைத்து, முதுகை உங்கள் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டால் போதும். தலை பின்னால் சாயக் கூடாது. கஞ்சி கெட்டியாக. கொஞ்சம் கொஞ்சமாக. இருமினால் நிறுத்துங்கள். சாப்பிட்டு முடித்து அரை மணி நேரமாவது படுக்க வைக்க வேண்டாம். காய்ச்சலோடு மூச்சு வேகமாக இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

ஆனால் பதினோரு வயதுப் பையனை மடியில் தூக்கி வைக்க உங்கள் முதுகு எத்தனை நாள் தாங்கும்? அவனுக்கு நாற்காலி வேண்டும். கபாலேயில் நாங்கள் காசு கொடுத்து வாங்குவதில்லை, அட்டையில் செய்கிறோம். பழைய அட்டைப் பெட்டி, செய்தித்தாள், மாவுப் பசை. அட்டையை அடுக்கடுக்காக, கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக வரும்படி ஒட்டி, மேலே கனம் வைத்து அழுத்திக் காய வைத்தால் பலகை மாதிரி ஆகிவிடும். ஆப்பிரிக்காவில் பல இடங்களில் இப்படித்தான் செய்கிறார்கள். செய்து முடித்ததும் முதலில் நீங்கள் உட்கார்ந்து பாருங்கள். உங்களைத் தாங்கினால் அவனைத் தாங்கும்.

பதிவு 9: குன்னூர்_மாஸ்டர்

பண்ணைக்காட்டுத் தங்கைக்கு: வேலூர் சி.எம்.சி மருத்துவமனையில் மேரி வர்கீஸ் என்று ஒரு மருத்துவர் இருந்தார். 1954-இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே அறுவை சிகிச்சை செய்தார், பிறகு அங்கே மறுவாழ்வு மருத்துவத் துறையையே அவர்தான் கட்டியெழுப்பினார். அவரிடம் யாராவது வந்து விசுவாசம் போதவில்லை என்று சொல்லியிருப்பார்களா? கடைசிப் பெஞ்ச் வேண்டாம் அம்மா. பையனையும் கூட்டிக்கொண்டு முன்னால் வந்து உட்காருங்கள்.

பதிவு 10: கூக்கால்_விவசாயி

பண்ணைக்காடு அக்கா, எங்கள் கேரட் வண்டி வாரம் மூன்று நாள் வத்தலக்குண்டு இறங்குகிறது. பண்ணைக்காடு பிரிவில் நிறுத்தி அட்டைப் பெட்டி எத்தனை வேண்டுமோ இறக்கித் தருகிறேன். கொடைக்கானல் கடைகளில் ஹீட்டர், பிரிட்ஜ் வந்த கனமான பெட்டியாகக் கேட்டு வாங்கி வைக்கிறேன், காய்கறிப் பெட்டி மெல்லிசு.

பையனுக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருக்கிறதா? அவனைப் போன்ற பிள்ளைகளுக்கு அரசின் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. வராவிட்டால் சொல்லுங்கள், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு நான் கூட வருகிறேன்.

லைன்வீட்டு அக்காவிடம் ஒன்று. உங்கள் வேலையைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் பாருங்கள், இந்த அம்மாவுக்கு நிமிர்த்தி ஊட்டு என்று சொல்ல ஒருவர் பதினோரு வருடமாக வரவில்லை. நீங்கள் பதினோரு வருடமாக அங்கே இருக்கிறீர்கள். இந்தக் கணக்கு எனக்கு நெஞ்சை அடைக்கிறது.

பதிவு 11: மட்டுறுத்துநர்

குழந்தைகளின் பெயர், படம், தொலைபேசி எண், ஊரில் வீடு இருக்கும் இடம் எதையும் பொதுவில் இட வேண்டாம். தனிமடலில் பரிமாறிக்கொள்ளுங்கள்.

பதிவு 12: லைன்வீட்டுப்_பிள்ளை

//இந்தக் கணக்கு எனக்கு நெஞ்சை அடைக்கிறது//

எனக்கும்தான் தம்பி. நேற்று இரவு தூங்கவில்லை. உங்களை ஒத்துக்கொள்ள வைக்கும் பதில் என்னிடம் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் லைனில் மூன்றாவது வீட்டில் ஒரு அண்ணன் இருந்தான். இந்த அக்காவின் மகனைப் போலத்தான். அவனுடைய அம்மா கொழுந்து பறிக்கப் போகும்போது, உருண்டு அடுப்பில் விழுந்துவிடக் கூடாது என்று பழைய சேலையால் கட்டில் காலோடு அவன் இடுப்பைக் கட்டிவிட்டுப் போவார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் போய் அவிழ்த்துவிடுவேன். படுத்தபடியே கிடப்பான், டீ ஊட்டுவேன். ஆமாம், படுக்க வைத்துத்தான், எனக்கும் தெரியாது. நான் ஒன்பதாவது படிக்கும்போது மார்கழியில் நெஞ்சுச் சளி வந்து இறந்துபோனான். நர்சிங்கில் மூச்சுக்குழாய்க்குள் உணவு போவதைப் பற்றி வகுப்பு எடுத்த அன்றுதான் அவன் எப்படி இறந்தான் என்று எனக்குப் புரிந்தது. வகுப்பிலிருந்து எழுந்து போய்விட்டேன்.

படிப்பு முடிந்ததும் இந்த மலையிலேயே இந்த வேலையைச் செய்யத்தான் தேடினேன். அப்போது எனக்கு வழி திறக்கவில்லை, கபாலேயில் திறந்தது. தேவன் அங்கே வைத்தார் என்று நம்புகிறேன். அதே நேரம் இங்கே ஒரு இடம் காலியாகத்தான் இருந்தது, அதையும் மறுக்க மாட்டேன். இரண்டையும் சேர்த்துச் சுமக்கிறேன்.

அங்கே நான் கற்ற ஒன்று இங்கே உதவும். முதல் வருடங்களில் பிள்ளைகளை இல்லத்துக்குக் கொண்டுவருவதுதான் சேவை என்று நினைத்தோம். இப்போது பெற்றவர்களிடமே வைத்து, வீட்டுக்குப் போய்ச் சொல்லிக் கொடுக்கிறோம். இல்லம் கடைசி வழி. தாய்க்கு ஊட்டக் கற்றுக்கொடுத்தால், வலிப்பு மாத்திரை தவறாமல் கிடைத்தால், ஒரு நாற்காலி இருந்தால், பெரும்பாலான பிள்ளைகள் வீட்டிலேயே இருக்கலாம். அந்த மலையில் எங்கோசி என்று ஊர்க்கூட்டங்கள் உண்டு. யாருக்கு உடம்பு முடியாவிட்டாலும் ஊரே சேர்ந்து கூடைப் படுக்கையில் வைத்துத் தோளில் சுமந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும். சாவுக்கும் அவர்கள்தான். நீங்கள் சொன்ன வெள்ளகவி டோலி மாதிரி. எங்கள் பிள்ளை ஒருத்தி இறந்தபோது, அவளைச் சாபம் என்று சொன்ன அதே ஊர் எங்கோசி முறைப்படி வந்து சுமந்தது. சரிவில் மழையில் வழுக்கி வழுக்கி, இருபது பேர் தோள் மாற்றி மாற்றி. அவளைத் தங்களில் ஒருத்தியாக அவர்கள் எண்ணிய முதல் நாள் அது. உயிரோடு இருக்கும்போதே எண்ண வைக்க முடியவில்லையே என்று இன்றும் எனக்கு வருத்தம்.

தங்கச்சி, உங்களுக்கு என் அபிப்பிராயம் இதுதான். ஒரு வருடம் இங்கே ஒரே ஒரு குழந்தையிடம் வாரம் தவறாமல் போங்கள். சம்பளம் இல்லாமல், படம் எடுக்காமல், அந்தக் குழந்தையிடம் பெரிய முன்னேற்றம் எதுவும் வராவிட்டாலும். வருடம் முடிந்தும் போக மனம் இருந்தால் எனக்கு எழுதுங்கள், நானே சிபாரிசு செய்கிறேன். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி மட்டும் பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால் போட வேண்டும், கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுவார்கள். வீட்டில் ஏதோ பிரச்சினை, அதிலிருந்து தப்பிக்க வெளிநாடு என்றால் தயவுசெய்து போகாதீர்கள். அங்கே நிறையப் பேர் அப்படி வந்து, ஆறு மாதத்தில் பிள்ளைகளிடம் எரிந்து விழுவதைப் பார்த்திருக்கிறேன்.

பதிவு 13: கூக்கால்_விவசாயி

உங்கள் பதிலை முழுதாக ஏற்க மனம் வரவில்லை அக்கா. ஆனால் இனி அந்தக் கேள்வியை உங்களிடம் கேட்க மாட்டேன். பெட்டிகள் ஒன்பது சேர்ந்திருக்கிறது.

பதிவு 14: கோடநாடு_பிசியோ

அக்கா, ஒரு வருடம் என்றீர்கள். சரி. இன்று அம்மா அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

பண்ணைக்காடு அம்மாவுக்குத் தனிமடல் போட்டிருக்கிறேன். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து பழனி வழியாக வந்துவிடலாம் என்று பார்த்தேன். வராத வாரங்களில் வீடியோவில் பார்க்கலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வந்து செய்வார்கள், அந்த வட்டாரத்தில் யார் பார்க்கிறார் என்று விசாரித்து அவரோடும் பேசுகிறேன், நான் தனியாக ஒன்று செய்து குழப்பக் கூடாது.

அம்மா, நாற்காலிக்கு அளவு எடுக்க வேண்டும். தையல் டேப் போதும். ஒருவர் பையனை நிமிர்த்தி உட்கார வைத்துப் பிடித்துக்கொள்ளட்டும். இடுப்பின் அகலம். பிட்டத்தின் பின்பக்கத்திலிருந்து முழங்காலுக்குப் பின்னால் உள்ள குழி வரை, அதில் இரண்டு விரல் குறைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் குழியிலிருந்து குதிகால் வரை. உட்காரும் இடத்திலிருந்து அக்குள் வரை, தலை உச்சி வரை. இடுப்பும் முழங்காலும் நேர்கோணத்தில் மடங்கி, பாதம் முழுதாகப் பலகையில் படிய வேண்டும். கால் தொங்கினால் உடம்பு விறைத்துக்கொண்டு முன்னால் வழுக்கும்.

பதிவு 15: பண்ணைக்காடு_அம்மா

அளவு எடுத்து அனுப்பிவிட்டோம். அவன் சித்தப்பா பிடித்துக்கொண்டார்.

இந்தப் பத்து நாளாக மடியில் நிமிர்த்தி வைத்துத்தான் ஊட்டுகிறேன். முதல் இரண்டு நாள் அவனுக்கும் பிடிக்கவில்லை, எனக்கும் தோள் விட்டுப்போனது. நேற்று அரைக் கிண்ணம் கேழ்வரகுக் கஞ்சி நாற்பது நிமிடத்தில் முடிந்தது, ஒரு தடவைகூட இருமவில்லை. தோட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று வீட்டுக்காரர் வாசலில் நின்றார். அப்புறம் அவரே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்து பார்த்தார். சாயங்காலம் தானே ஊட்டுகிறேன் என்றிருக்கிறார்.

மடியில் உட்கார்ந்தால் அவனுக்கு ஜன்னல் தெரிகிறது. பேருந்து போகும்போது தலை அந்தப் பக்கம் திரும்புகிறது. படுத்தே கிடந்தவனுக்கு இத்தனை நாள் கூரை ஓடுதான் தெரிந்திருக்கும்.

ஒரு சந்தேகம். நாற்காலி அட்டையில்தானே, கஞ்சி சிந்தினால் ஊறிவிடாதா? மேலே வார்னிஷ் அடிக்க வேண்டும் என்றால் எத்தனை பூச்சு, எந்தக் கடையில் கேட்பது? இங்கே இன்னும் மழை விடவில்லை, பசை காய வைக்க அடுப்படியில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.